இருதயம்மாள் கையும் நார்வே பனியும்

1976 ஜனவரி 4, ஞாயிறு. ராயபுரம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, கோட்டின் மேல் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய கை இது. லீவரைப் பிடித்து இழுக்கத் தெரியும். பென்சிலை எவ்வளவு அழுத்துவது என்று இன்னும் தெரியவில்லை. தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது.

யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இதைப் படிக்கப்போகிறவனும் நான்தானே. சரி, அருள்பிரகாசம், மன்னித்துக்கொள்.

மாதா கோவில் கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தும் சுகிர்தம் டீச்சர்தான் சொன்னார். "வூட்ல நடக்கிறத எழுதுங்க பெரியவரே, கை தானா படியும்" என்றார். ‘ஞ’ என்ற எழுத்தை எழுத எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் காரணம். அதனால் இன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது, ஞ. இன்னொரு முறை எழுதிப் பார்க்கலாம் போல இருக்கிறது. ஞ.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் எல்சி கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கிறாள். கன்னியாஸ்திரிகள் மூலம் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள், அங்கிருந்து நார்வே தேசத்துக்குப் போய்விட்டாள். அங்கே வடக்குக் கோடியில், காட்டுக்கு நடுவே, ஏரிக்கரையில் ஒரு வைத்திய விடுதி. கைகால் மூட்டு பிடித்துக்கொண்டவர்கள் குளிர்காலத்தில் அங்கே போய்த் தங்கி, வெந்நீரில் ஊறி, ஆவியில் வெந்து, பனியில் உலாவி உடம்பைத் தேற்றிக்கொள்கிறார்களாம். அங்கே வேலை செய்கிறவர்களின் தாய் தகப்பனும் வந்து தங்கலாமாம்.

"ரெண்டு பேரும் என்கூடக் கெளம்புங்க நைனா. அம்மா கையப் பாத்துடலாம்" என்கிறாள் எல்சி.

அம்மா கை. அதை எழுதத்தான் பென்சிலை எடுத்தேன். சுற்றி வளைத்துக்கொண்டே இருக்கிறேன்.

என் மனைவி இருதயம்மாள் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாகக் கூடையில் விற்றவள். விடியற்காலையில் ஐஸுக்குள் கைவிட்டு மீன் பொறுக்கிய விரல்கள் மடங்கிப்போயின. முதலில் காலை நேரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டது. பிறகு நாள் முழுதும். இப்போது இரண்டு கையும் நண்டு காலை மடக்கிக்கொண்டது போல இருக்கிறது. போன வருடத்திலிருந்து சோற்றைப் பிசைந்து நான்தான் ஊட்டுகிறேன். நான்தான் கொண்டை போடுகிறேன், கொசுவம் செருகுகிறேன். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அசைக்காமல் விட்டால் இப்படியே இறுகிவிடும் என்றும் சொன்னார்கள்.

எல்சி சொன்னதைக் கேட்டு இருதயம் என் பக்கம் திரும்பினாள். "தா, இன்னா சொல்றா உன் பொண்ணு? ஐஸ்ல கைய வுட்டு வுட்டுத்தான் இது இப்டி ஆச்சி. இப்போ ஐஸ் ஊருக்கே இஸ்துகினு போறாளா? நல்லா கீது நாயம்!"

ஜனவரி 6

இன்னும் சம்மதிக்கவில்லை. ஊட்டும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஜனவரி 8

பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் வந்தாள். இருவரும் ஒன்றாகக் கூடை தூக்கியவர்கள். "நீ போவலன்னா சொல்லு இருதயம், நான் போறேன். அண்ணன் பாவம், ஜோடி இல்லாம எப்டிப் போவும்?" என்றாள்.

"போடி! உன் ஒடம்ப ஏரோப்ளேன் தூக்காது. கப்பல்தான் வெக்கணும்" என்றாள் இருதயம். சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

சொக்கம்மாள் போன பிறகு இருதயம் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏரோப்ளேன்ல எல்லாரும் பாத்துகினு கீறப்போ நீ எனக்கு ஊட்டுவியா?"

இதுதானா! ஐஸும் இல்லை, குளிரும் இல்லை. இந்த வெட்கம்தான் இவளைப் பிடித்து வைத்திருந்ததா? நான் பார், மடையன், கம்பளிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஊட்டுவேன். ஏரோப்ளேன் ஓட்டுறவன் வந்து கேட்டா அவனுக்கும் ஒரு வாய் குடுப்பேன்" என்றேன்.

"ஐய, மூஞ்ச பாரு" என்றாள். அவள் சம்மதம் இப்படித்தான் வரும்.

ஜனவரி 11, ஞாயிறு

மூர் மார்க்கெட்டில் எனக்கு ஒரு பழைய கம்பளிக் கோட்டு எடுத்தோம். முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. உள்ளே இன்னொரு ஆளையும் ஒளித்து வைக்கலாம். இருதயம் பார்த்துவிட்டு, "யாரோ செத்த தொரையோடது. ராத்திரி வந்து கேக்கப்போறான்" என்றாள். நாளை மறுநாள் கிளம்புகிறோம். நோட்டையும் பென்சிலையும் கோட்டுப் பையில் போட்டாகிவிட்டது.

ஜனவரி 16. நார்வே

பொங்கல் ஆகாயத்தில் கழிந்தது. சொன்னபடியே ஊட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பாட்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் புருஷனை முழங்கையால் இடித்து எங்களைக் காட்டினாள். அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். இருதயத்துக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, அந்தாளுக்கு வேட்டு வச்சிட்டே" என்றாள்.

இங்கே இறங்கினதும் என் வாயிலிருந்து புகை. பீடியை விட்டு எத்தனையோ காலம் ஆகிறது. ஊதிப் பார்த்தேன், மறுபடியும் புகை. காசில்லாமல் பீடி குடிக்கிற தேசம்.

எங்கே பார்த்தாலும் வெள்ளை. மரத்தின் மேல் வெள்ளை, கூரை மேல் வெள்ளை, நிறுத்தி வைத்த வண்டிகள் வெள்ளைக்குள் புதைந்து கிடக்கின்றன. உப்பளம் மாதிரி என்று எழுதலாம், ஆனால் உப்பளத்தில் கண் எரியும். இங்கே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. சத்தம் என்பதே இல்லை. ஹார்பர் சங்கு இல்லை, கிரேன் இல்லை, ரயில் யார்டில் வேகன் கோக்கிற இடி இல்லை. காதில் ஏதோ கோளாறு என்று நினைத்து விரலை விட்டு ஆட்டிப் பார்த்தேன்.

சூரியனும் இல்லை! நடுப்பகலில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் வருகிறது, அப்புறம் மறுபடியும் இருட்டு. குளிர்காலத்தில் இந்தப் பக்கம் சூரியன் எழும்பாது, சீக்கிரம் வந்துவிடும் என்கிறாள் எல்சி.

"சூரியன்கூட வராத ஊருக்கு நான் மட்டும் இன்னாத்துக்கு வந்தேன்?" என்கிறாள் அவள் அம்மா.

ஜனவரி 19

வைத்தியம் தொடங்கியது. வெந்நீர்த் தொட்டியில் கையை ஊற வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பயிற்சி கொடுக்கிறார்கள். இந்த வேலையைச் செய்கிறவள் எங்கள் வயதை ஒட்டிய ஒரு பெண். பெரிய உடம்பு, சிவந்த முகம். பெயர் ரங்ஹில் என்கிறாள் எல்சி. எழுத்துக் கூட்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இருதயம் முதல் நாளே சுலபமாக்கிவிட்டாள். ரங்கம்மா. கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

அப்புறம்தான் அதிசயம். ஒரு சட்டியில் மெழுகை உருக்கி வைத்திருக்கிறார்கள். கை பொறுக்கிற சூடுதான். அதில் கையை முக்கி எடுக்கிறார்கள், மறுபடி முக்குகிறார்கள். வெள்ளையாகக் கையுறை மாதிரி மெழுகு படிந்ததும் துணி சுற்றி வைக்கிறார்கள். சூடு எலும்புக்குள் இறங்குமாம். ஆறின பிறகு மெழுகைக் கழற்றிவிடுகிறார்கள்.

ரங்கம்மா கழற்றப் போனபோது இருதயம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அவ பிச்சிடுவா. நீ எடு. கடம்பா மீனுக்குத் தோல் உரிப்போமே, அப்டி எடு" என்றாள். மெதுவாக உருவினேன். உடையாமல் முழுசாக வந்தது. மெழுகில் ஒரு கை, மடங்கின விரல்களோடு.

இருதயம் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எனக்கும் புரிந்தது. வேளாங்கண்ணியில் கை நோவுக்கு மெழுகுக் கை, கால் நோவுக்கு மெழுகுக் கால் வாங்கி மாதா காலடியில் வைத்துக் காணிக்கை செலுத்துவோம். நம்மிடம் கடையில் வாங்குவது. இங்கே நோயாளியின் கையிலிருந்தே எடுக்கிறார்கள். சாமியைப் பற்றி வெளியே பேசாவிட்டாலும் நல்ல வேதக்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"குப்பைல போட்டுடப் போறா. கோட்டுக்குள்ள வெய்யி" என்றாள் இருதயம். வைத்தேன். அந்தக் கோட்டில்தான் இடம் இருக்கிறதே.

ஜனவரி 22

சூரியன் வந்தது. மலைக்கு மேலே ஒரு எலுமிச்சம்பழத் துண்டு, உடனே போய்விட்டது. அதற்கே எல்லாரும் வெளியே ஓடிவந்து, இனிப்பு ரொட்டி தின்று, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என்னையும் கட்டிக்கொண்டார்.

எங்கள் ஊரில் அது தினமும் வருகிறது, எல்லாரும் அதைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஜனவரி 25, ஞாயிறு

இங்கே பக்கத்தில் கோவில் இல்லை. மூன்று பேரும் அறையிலேயே ஜெபமாலை சொன்னோம். இருதயத்தின் மணிக்கட்டில் மாலையைச் சுற்றிவிட்டேன்.

மாலையில் என்னை ஆவிக் குளியலுக்குக் கூட்டிப்போனார்கள். மரத்தால் செய்த சின்ன அறை. சுட்ட கல்லில் தண்ணீரை ஊற்றினால் ஆவி குபுகுபுவென்று எழும்புகிறது. பாய்லர் அறைச் சூடு. எனக்கு அது பழக்கம்தான், மற்றவர்களுக்கு முன்னால் எழுந்து போகக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எல்லாரும் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிப் பனியில் விழுந்து புரண்டார்கள். துண்டுகூட இல்லை! நான் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு விழுந்தேன்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன், சுகிர்தம் டீச்சர் ஒருவேளை நோட்டைக் கேட்டால் என்ன செய்வது.

ஆனால் எழுந்தபோது உடம்பெல்லாம் புதுசு. இருபது வயதுப் பையனைப் போல அறைக்குள் ஓடினேன். இருதயம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். "உனுக்கு மெண்டலாய்ட்டுதுன்னு எல்சி கிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

ஜனவரி 30

அவள் கை அப்படியேதான் இருக்கிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? தினமும் வெந்நீர், தினமும் மெழுகு, தினமும் ஒரு மெழுகுக் கை என் கோட்டுக்குள். காலையில் கொண்டை போடும்போது விரல்களைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

கொண்டையை முடித்து, கையுறையை மாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 3

இன்று மனசு சரியில்லை. எழுத்து இன்னும் மோசமாக வரும்.

ரங்கம்மா எல்சியிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். எல்சி அறைக்கு வந்து, நின்றபடியே கேட்டாள். "அம்மா, சட்டில மெழுகு கொறஞ்சிகினே வருதாம். யாராவது கொட்டிட்டாங்களான்னு கேக்கறா. நீ எடுத்துகினு வரியா?"

"ஆமா. இன்னாத்துக்குக் கேக்கறா?"

"அது திருப்பி உருக்குற மெழுகும்மா! கழட்டிச் சட்டியிலியே போடணும்."

இருதயம் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. "அப்போ நான் திருடியா? ஊர் ஊரா கூடை தூக்குனவடி நான். ஒருத்தன் ஒரு சொல் சொன்னது கெடையாது. இங்க வந்து மெழுகு திருடுனேன்னு பேரு வாங்கினேனா?"

"யாரும்மா அப்டிச் சொன்னது?"

"நீதான் சொல்றியே, நின்னுகினு!"

தப்பு என் மேலேதானே. நான்தானே உரிச்சேன், நான்தானே கோட்டுல வச்சிகினு வந்தேன். இவளுக்கு எப்டித் தெரியும்? எனக்கே தெர்லியே. உருக்குறாங்கோன்னு எவன் கண்டான். காணிக்கைன்னு நெனச்சோம், அவ்ளோதான். வைத்தியத்துக்கு வர மாட்டாளாம். வூட்டுக்குப் போவணுமாம். இவ்ளோ தூரம் வந்து, இந்தக் கையோடவே திரும்பிப் போறதா? இன்னா பண்றது இப்போ—

பிப்ரவரி 4

நிதானமாக எழுதுகிறேன். நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் வைத்தியத்துக்குப் போகவில்லை. "எல்லாத்தையும் எட்து அவ கிட்டியே குடுத்துடு. நம்ப கணக்கு தீந்துடட்டும்" என்றாள் இருதயம். மெழுகுக் கைகளை உடையாமல் இருப்பதற்காக என் வேட்டிகளுக்கு நடுவே மடித்துப் பெட்டியில் வைத்திருந்தோம். ஒன்றின் மேல் ஒன்றாக, வந்த வரிசையில். கொடுப்பதற்கு முன் ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்க்கலாம் என நினைத்து, எடுத்து எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

அந்தச் சமயத்தில் ரங்கம்மாவும் எல்சியும் வந்தார்கள். ஏன் வைத்தியத்துக்கு வரவில்லை என்று கேட்க வந்திருக்கிறாள் அந்தப் பெண். மேஜையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இதுக்கு இன்னாத்துக்கு இப்டிப் பாக்கறா? எட்துகினு போவச் சொல்லு" என்றாள் இருதயம் சுவரைப் பார்த்துக்கொண்டு.

எல்சி காணிக்கை விஷயத்தை அவள் பாஷையில் விளக்கினாள். ரங்கம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் இன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன். மேஜையருகே வந்து, முதல் கையை ஒரு கையிலும் கடைசிக் கையை இன்னொரு கையிலும் எடுத்தாள். இருதயத்தின் முன்னால் போய் இரண்டையும் நீட்டினாள்.

அப்போதுதான் நான் பார்த்தேன். முதலாவது முஷ்டி. கட்டைவிரல் உள்ளுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. கடைசியில் கட்டைவிரல் வெளியே வந்துவிட்டது. ஆள்காட்டி விரல் எங்கேயோ வழி காட்டுவது போல நீண்டிருக்கிறது. மேஜையில் இருந்த மற்றவற்றை ஓடிப்போய்ப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்றைவிட ஒன்று, திறந்துகொண்டு வருகிறது. கூடவே இருந்து தினமும் பார்த்த எங்களுக்குத் தெரியவில்லை. மெழுகுக்குத் தெரிந்திருக்கிறது.

"இருதயம், பாரு! இத்தப் பாரு! தொறக்குது!" என்று கத்தினேன்.

அவள் திரும்பினாள். வெகு நேரம் பார்த்தாள். "இது என்னுதா?" என்றாள். பிறகு தன் கையைத் தூக்கி, கடைசி மெழுகுக் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒத்துப்போயிற்று.

நான் அழுதேன், எழுதிவிடுகிறேன். எல்சியும் அழுதாள். இருதயம் அழவில்லை. "ரங்கம்மா, சட்டி சூடா கீதா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 5

தூக்கம் நன்றாக வந்தது. பெரிய பாரத்தை இறக்கிவிட்டு வெறும் கொக்கி மேலே போகும்போது வின்ச் லேசாகப் பாடும். அப்படி இருக்கிறது எனக்கு.

பிப்ரவரி 7

மெழுகெல்லாம் சட்டிக்குத் திரும்பிப் போயிற்று. முதல் கையை மட்டும் ரங்கம்மா துணியில் சுற்றி இருதயத்திடம் கொடுத்தாள், காணிக்கைக்கு என்று.

நான் கடைசிக் கையைக் கேட்கலாம் என்றேன். திறந்த கை, பார்க்க அழகாக இருக்கிறது. "போயா. கெட்ட கைய மாதா கிட்ட குடுத்துட்டு நல்ல கைய நாம்ப வச்சிக்கணும். தலகீயா குடுத்துட்டா இன்னா ஆவறது?" என்றாள். அதுவும் சரிதான்.

பிப்ரவரி 10

இன்று நாள் முழுதும் சிரிப்பு.

இங்கே ஒரு வண்டி இருக்கிறது. நாற்காலிக்கு அடியில் நீளமாக இரண்டு இரும்புப் பட்டைகள், அவ்வளவுதான். ஒருவர் உட்கார, பின்னால் நிற்பவர் ஒரு காலால் உந்தினால் பனியில் வழுக்கிக்கொண்டு போகிறது. இருதயத்தை உட்கார வைத்துத் தள்ளினேன். சரிவில் நிற்கவில்லை. "யோவ்! பிரேக் போடுய்யா! கெய்வியக் கொல்றியா!" என்று காடு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். பனிக் குவியலில் போய் இடித்து நின்றோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "இன்னொரு தபா போலாமா?" என்றாள்.

அப்படியே ஏரிக்குப் போனோம். ஏரி முழுக்க உறைந்து, லாரியே போகலாம் என்பது போலக் கல்லாகிக் கிடக்கிறது. அதன் நடுவில் தோர் என்கிற கிழவர் ஐஸில் ஓட்டை போட்டு, முக்காலியில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். விடுதிக்கு மீன் கொடுக்கிறவர். இருதயம் அவரைத் தொரை என்கிறாள், வசதியாகப் போய்விட்டது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மீன் மாட்டியது. நல்ல பருமன், வயிறு மட்டும் செம்பருத்தி நிறம். தூக்கி ஐஸ் மேல் போட்டார். துள்ளியது.

இருதயம் நாற்காலியிலிருந்து எழுந்தாள். பல்லால் கடித்துக் கையுறையை உருவித் துப்பினாள். குனிந்து மீனைத் தூக்கி, கட்டைவிரலால் செவுளைத் திறந்து பார்த்தாள்.

"செவுளு ரத்தமா கீது. நல்ல மீனு. இன்னா வெல, தொரை?"

நான் அவள் கட்டைவிரலையே பார்த்தேன். அவளுக்கு அது தெரியவே இல்லை! எத்தனை ஆயிரம் மீனுக்குச் செய்த வேலை, கை தானாகவே செய்துவிட்டது. அவர் அவர் பாஷையில் ஏதோ சொன்னார். "அவ்ளோவா? ஐய, கட்டுப்படி ஆவாது. பாதிக்குக் குடு" என்றாள் இவள். அவர் மறுபடியும் ஏதோ சொன்னார். இவள் போவது போல இரண்டு எட்டு நடந்து திரும்பிப் பார்த்தாள். இப்படியே பேரம் நடந்தது, ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமலே. கடைசியில் மீனை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிச் சைகை காட்டினார், காசு வேண்டாம் என்று.

"காசு வாங்காம மீன் குடுக்கற ஆளு. இவன் எப்போ உருப்படறது?" என்றாள் இருதயம். அப்போதுதான் கையில் இருந்த மீனைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள், கட்டைவிரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

மீன் நழுவிக் கீழே விழுந்துவிட்டது. பிடி இன்னும் அவ்வளவுதான். இருந்தால் என்ன!

பிப்ரவரி 16

நாளைக் காலை புறப்படுகிறோம். பெரிய டாக்டர் பார்த்தார். சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் முழுதாக நீளாது, மற்றவை பயிற்சியை விடாமல் செய்தால் இன்னும் நன்றாகும் என்றார். வீட்டிலேயே வெந்நீரில் எப்படிச் செய்வது என்று எல்சி எனக்குக் காட்டிக்கொடுத்தாள்.

ரங்கம்மா வந்து இருதயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இருதயத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. "வுடுடி, எலும்பு ஒட்ஞ்சா அதுக்கும் நீதான் மெழுகு போடணும்" என்றாள். எல்சி அதை மொழிபெயர்த்ததும் ரங்கம்மா சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த பனி விழுந்தது. பொய் இல்லை, ஒரு குவியல் விழுந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு. ராயபுரம்

வந்து சேர்ந்தோம். வியர்வை, சங்கு, மீன் வாசனை, எண்ணூர்ப் பக்கத்துப் புகை, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. கோட்டை ஆணியில் மாட்டிவிட்டேன்.

பெட்டியைத் திறந்தால், மெழுகுக் கை நசுங்கி உருண்டையாகிவிட்டது. விரல் எது, மணிக்கட்டு எது என்று தெரியவில்லை. இருதயம் எடுத்துப் பார்த்தாள். "மாதாவுக்குத் தெரியும் அது கைதான்னு" என்று சொல்லி, அப்படியே கொண்டுபோய்க் கோவிலில் வைத்தாள். தானே வைத்தாள்.

சொக்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பனியில் துண்டில்லாமல் புரண்டவர்களைப் பற்றி மட்டும் மறுபடியும் சொல்லச் சொன்னாள்.

பிப்ரவரி 25

கரண்டியால் அவளே சாப்பிடுகிறாள். பாதி கீழே போகிறது. உதவலாம் என்று கையை நீட்டினால், "உன் தட்டப் பாரு" என்கிறாள். கொண்டைக்கு இன்னும் நான் வேண்டும்.

பிப்ரவரி 29, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போனோம். புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது என்பதால் சாமியார் பிரசங்கத்தை நீட்டிக்கொண்டே போனார். வழக்கத்துக்கு மாறாக இருதயம் பெண்கள் பக்கம் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிக்குக் கீழே நல்ல இடம். கண் சொருகியது. குறட்டையும் விட்டிருப்பேன் போல.

சுரீர் என்றது தொடையில். தேள் என்று நினைத்துத் துள்ளி எழுந்துவிட்டேன். முன்வரிசையெல்லாம் திரும்பிப் பார்த்தது. சாமியாரும் நிறுத்திவிட்டார்.

இருதயம் பீடத்தைப் பார்த்தபடி, புனிதவதி மாதிரி உட்கார்ந்திருந்தாள். "கோயில்ல இன்னா தூக்கம்?" என்றாள் உதடு அசையாமல்.

கிள்ளியிருக்கிறாள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சதையைப் பிடித்து, திருகி, நன்றாக, பழையபடி.

உட்கார்ந்தேன். சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் நான் பாவத்துக்காக அழுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன், கன்றிப்போய் நாவல்பழம் மாதிரி இருக்கிறது. எண்ணெய் தடவலாமா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன், எழுத்தும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அடுத்த ஞாயிறும் பூசை முடிந்ததும் எழுத உட்காருவேன். அன்றைக்கும் பிரசங்கம் நீளமாக இருந்தால், ஒருவேளை நின்றுகொண்டு.